சூரியன், காற்று, தண்ணீர், சாணம்: கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூரில் வயரிங் வேலை பார்க்கிறேன். கம்பம், உத்தமபாளையம், மேலே கேரளத்தின் குமுளி, வண்டன்மேடு வரை வேலைக்குப் போவதுண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் மீட்டர் பெட்டியைத் திறப்பதற்குள் சோலார் பற்றி ஒரு கேள்வி வந்துவிடும். அங்கிருந்து காற்றாலை, சாண எரிவாயு, எத்தனால் பெட்ரோல் என்று பேச்சு நீளும். அதே சந்தேகங்கள் வீட்டுக்கு வீடு வருவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

"மாற்று எரிசக்தின்னா என்ன தம்பி? சோலாரைத்தான் அப்படிச் சொல்றாங்களா?"

சோலார் அதில் ஒன்று. நிலக்கரி, பெட்ரோல், டீசல், சமையல் காஸ் எல்லாமே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் புதைந்த உயிர்களிலிருந்து உண்டானவை. எடுக்க எடுக்கக் குறையும். எரித்தால் கரியமில வாயு வானத்தில் சேர்ந்து பூமியைச் சூடாக்கும். அவற்றுக்குப் பதிலாக வெயில், காற்று, ஓடும் தண்ணீர், சாணம், விவசாயக் கழிவு இவற்றிலிருந்து எடுக்கும் சக்தியைத்தான் மாற்று எரிசக்தி என்கிறோம்.

நம் ஊருக்கு இது புதிதே இல்லை. குமுளி மலைப்பாதையில் ஏறும்போது சரிவில் ராட்சதக் குழாய்கள் தெரியுமே, தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வரும் பெரியாற்றுத் தண்ணீரை லோயர்கேம்ப் பவர்ஹவுசுக்கு இறக்குபவை அவைதான். 35 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, ஆக 140 மெகாவாட் என்று அமைந்த நிலையம் அது. 1950-களின் கடைசியில் ஓட ஆரம்பித்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-லேயே வந்துவிட்டது. 1976-இல் தொடங்கிய இடுக்கி நிலையத்தின் திறன் இன்று 780 மெகாவாட்.

"கரண்ட் எடுத்துட்டு விடுற தண்ணில சத்து இருக்காதாமே? எங்க ஐயா காலத்துல இருந்து சொல்றாங்க."

பயிருக்குப் போகும் சத்து ஒரு துளிகூடக் குறைவதில்லை. தண்ணீர் உயரத்திலிருந்து விழும் வேகம் மட்டுமே டர்பைனைச் சுற்றுகிறது. உப்போ, தாதுவோ, மண்ணோ தண்ணீரிலிருந்து பிரிக்கப்படுவதில்லை. உள்ளே போன தண்ணீர் அதே தண்ணீராகத்தான் வெளியே வந்து, முல்லையாறாக ஓடி, நம் இருபோக வயலுக்குப் பாய்கிறது. அந்த வயல்களின் விளைச்சலைப் பார்த்தாலே போதும்.

"அப்ப எல்லாக் கரண்டையும் தண்ணியிலயே எடுத்திரலாமே, எதுக்கு நிலக்கரி?"

அவ்வளவு தண்ணீரும் இல்லை, அவ்வளவு மலையும் இல்லை. 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. லோயர்கேம்ப் அதில் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். மழை பொய்த்தால் இந்த நிலையங்கள் நின்றுவிடும். புதிதாகப் பெரிய அணை கட்டினால் காடு மூழ்கும், ஜனங்கள் இடம்பெயர வேண்டும். அணையும் மலையும் நிறைந்த கேரளமே தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது.

ஒரே ஒரு மூலத்தை நம்பி நிலக்கரியைக் கைவிட முடியாது என்பதே என் எண்ணம். வெயில் ஒரு நேரம், காற்று ஒரு பருவம், தண்ணீர் ஒரு பருவம். எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சேர்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீழே வரும் பல பதில்கள் இதையே சுற்றி வரும்.

"மாடில கண்ணாடிக் குழாய் வச்ச சோலார் இருக்கு. அதுலயே ஃபேனும் ஓட்டலாம்ல?"

முடியாது. அது வெந்நீர் போடும் சோலார் ஹீட்டர். வெயிலின் சூட்டை நேராகத் தண்ணீரில் ஏற்றுகிறது, மின்சாரம் எடுப்பதில்லை. மின்சாரம் எடுப்பது நீலமாகவோ கறுப்பாகவோ தட்டையாக இருக்கும் பேனல். இரண்டும் தனித்தனிச் சாமான்.

ஆனால் ஹீட்டரைக் குறைத்து எண்ணாதீர்கள். குளியலறை கீசர் ஒன்று 2 கிலோவாட் இழுக்கும். வீட்டில் அவ்வளவு பசியுள்ள சாதனம் வேறு அதிகம் கிடையாது. குமுளிப் பக்கம் குளிருக்கு வெந்நீர் இல்லாமல் ஆகாது. அங்கே பேனலுக்கு முன்னால் ஹீட்டரைத்தான் போடச் சொல்வேன். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும்; வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டும்.

"எங்க வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போடணும்ணே? எவ்வளவு ஆகும்?"

நம் பக்கம் 1 கிலோவாட் பேனல் வருஷம் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 700 யூனிட்டுக்கு மேல். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வரை நிழல் விழாத மாடி வேண்டும். பேட்டரி இல்லாத 3 கிலோவாட் அமைப்புக்கு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் ஆகிறது. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும்.

ஆனால் முதலில் பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 150, 200 யூனிட் ஓடும் சின்ன வீட்டுக்கு, மானியம் வருகிறதே என்று கடன் வாங்கிச் சோலார் போட நான் சொல்ல மாட்டேன். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண அடுக்கே மாறி பில் எகிறும். அங்கேதான் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும்.

போடுவதற்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் பக்கம் போதும். நாலு ஃபேன் மாற்றினால் அதற்குரிய பேனலை வாங்கவே வேண்டியதில்லை. வாங்காமல் விட்ட யூனிட்டுக்கு நிலக்கரியும் எரிய வேண்டாம்.

"அவ்வளவு காசு கொட்டிப் போட்டும் ஈபி போனா வீடு இருட்டாயிருது. ஏமாத்திட்டாங்களாண்ணே?"

யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைத்த சோலார், லைன் செத்ததும் தானாக நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. காரணம், உயிர். லைனை ஆஃப் செய்துவிட்டு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குள் போனால் அவர் பிழைக்க மாட்டார். சிலர் இந்தத் தடுப்பை மீறி இணைத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். யார் கேட்டாலும் நான் செய்து தர மாட்டேன். நீங்களும் யாரையும் செய்யவிடாதீர்கள்.

கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். ஈய பேட்டரி மூன்று முதல் ஐந்து வருஷம் வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பத்து வருஷம் வரை தாங்கும், விலையும் அதற்குத் தக்கபடி. கீழே கூடலூர், கம்பத்தில் சும்மா அரைமணி நேரம் போய்வரும் கரண்டுக்காக இவ்வளவு செலவு தேவையா என்று யோசிக்க வேண்டும். மேலே ஏலத்தோட்டத்தில் காற்று மழைக்கு மரம் விழுந்து நாள்கணக்கில் லைன் வராத இடங்களுக்கு இது கட்டாயம் பயன்படும். அங்கே பலர் டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும், யூனிட் 25 ரூபாய்க்கு மேல் வந்துவிடும்.

"சித்திரை வெயில்ல நல்லா விளையணும்ல? எனக்கு மாசில வந்தது கூட இருந்துச்சே!"

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் அதன் திறனை அளந்து எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை விளைச்சல் குறையும். கோடை மத்தியானத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும்; பன்னிரண்டு, பதிமூன்று சதவீதம் அங்கேயே போய்விடும். அதனால்தான் காற்று அடியில் புகுந்து போகும்படி பேனலைத் தளத்திலிருந்து உயர்த்திக் கட்ட வேண்டும். தகரத்தோடு ஒட்டிப் போட்டால் நஷ்டம்.

தூசியையும் பாருங்கள். செங்கல் சூளை, மண் ரோடு பக்கத்தில் இருந்தால் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது.

"ஆனி, ஆடி மாசம் இங்க மேகமாவே கெடக்கே. அப்ப சோலார் எல்லாம் வேஸ்ட் தானே?"

குறையும், நிற்காது. கொட்டும் மழை நாளில் கால்பங்குகூட வராது, மேகமூட்டத்தில் பாதி வரலாம். மேலே சொன்ன 4 யூனிட் இந்த மாதங்களையும் சேர்த்த சராசரி.

அதே ஆனி, ஆடியில்தான் மலை இடைவெளிகள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று அள்ளிக்கொண்டு வருகிறது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழி, நம் கம்பம் பள்ளத்தாக்கு எல்லாம் காற்று நுழையும் வாசல்கள். மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை தமிழ்நாட்டின் காற்றாலைகளுக்கு அதுதான் அறுவடைக் காலம். 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கிய காற்றாலை இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வெயில் ஓய்ந்தபோது காற்று வருகிறது, காற்று ஓய்ந்த மாசி, பங்குனியில் வெயில் வந்துவிடுகிறது. இப்படி ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் நிலம் எல்லா மாநிலத்துக்கும் வாய்க்காது.

"ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காத்தாடி வந்த பெறகுதான் மழையே இல்ல. மேகத்தை அது தள்ளி விட்டுருது, உண்டா இல்லையா?"

இல்லை. காத்தாடியின் நடுப்பகுதி தரையிலிருந்து 80 முதல் 120 மீட்டர் உயரத்தில் இருக்கும். மழை மேகங்களோ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேலே தொடங்கி பல கிலோமீட்டர் உயரம் வளரக்கூடியவை. தன்மேல் படும் காற்றின் வேகத்தில் ஒரு பங்கை இறக்கை எடுத்துக்கொள்கிறது. மேகத்தைத் தள்ளும் அளவுக்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

நம் பக்கம் மழை குறைவாக இருப்பதற்குக் காரணம் காத்தாடி வருவதற்கு முன்பே இருக்கிறது: மேற்குத் தொடர்ச்சி மலை. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து அந்தப் பக்கமே கொட்டிவிடும், இறங்கும்போது வறண்டு வரும். குமுளியில் குடை பிடித்து நிற்பவர் லோயர்கேம்ப் இறங்குவதற்குள் குடையை மடக்குவது இதனால்தான். காற்று வரும் இடமாகப் பார்த்துக் காத்தாடி நட்டார்கள். அந்த இடம் ஏற்கெனவே மழைமறைவு நிலம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் ஒன்றால் மற்றொன்று என்று நினைத்துக்கொண்டார்கள். காடு அழிவதையும் கண்மாய் தூர்ந்துபோவதையும் பேசுவதற்குக் காத்தாடி மேல் பழி போடுவது தடையாகிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

"நல்லா காத்து அடிக்கும்போதே சில காத்தாடி நிக்குதே, ரிப்பேரா? எங்க மாடிக்குச் சின்னதா ஒண்ணு வாங்கலாமா?"

ரிப்பேராகவும் இருக்கலாம். காற்று ரொம்ப அதிகமானாலும் நிறுத்திவிடுவார்கள். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தைத் தாண்டினால் இறக்கை தாங்காது. இன்னொரு காரணம், லைனில் அந்த நேரம் அவ்வளவு கரண்டை ஏற்றுக்கொள்ள இடமில்லை என்றால் மின்வாரியம் குறைக்கச் சொல்லும். இயற்கை கொடுப்பதை வாங்கி வைக்க முடியாமல் விடுவது அது. சேமிப்பைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

மாடிக்கு வேண்டாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்காகும் என்பது கணக்கு. திருப்பிப் பார்த்தால், வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். தென்னையும் பக்கத்து வீடும் மறைக்கும் மாடியில் காற்று வேகமிழந்து சுழன்றுகொண்டுதான் வரும். அந்தப் பணத்துக்குப் பேனல் வாங்குங்கள்.

"நெடும்பாசேரி ஏர்போர்ட் முழுக்க சோலார்லயே ஓடுதாம். ராத்திரி எப்படி ஓடுது?"

கொச்சி விமான நிலையத்தைத்தான் சொல்கிறார்கள். வளைகுடா போகிறவர்களை ஏற்றிவிடப் போய்விட்டு வருபவர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சோலாரோடு, முழுக்க சூரிய சக்தியில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமாக அது ஆனது. பகலில் தேவைக்கு மேல் விளைவதைக் கேரள மின்வாரிய லைனுக்குள் அனுப்புகிறார்கள்; ராத்திரி அதே லைனிலிருந்து வாங்குகிறார்கள். கொடுத்ததும் வாங்கியதும் கணக்கில் நேர் ஆகிவிடுகிறது.

ராத்திரி அங்கே எரியும் விளக்குக்கு வரும் கரண்ட் அணையிலிருந்தும் வரலாம், நிலக்கரியிலிருந்தும் வரலாம். உங்கள் வீட்டு நெட் மீட்டரும் இதே முறைதான். ஒரு வீடு, ஒரு விமான நிலையம் இப்படிச் செய்தால் சிக்கல் இல்லை. எல்லாரும் பகலில் கொடுத்துவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரே சமயத்தில் கேட்டால் எங்கிருந்து தருவது? இன்றைக்கு மின்வாரியங்களுக்கு உள்ள பெரிய தலைவலி அந்தச் சாயங்கால நேரம்தான்.

"அதான் கேக்குறேன், பகல் கரண்டைப் பிடிச்சு வைக்க வழியே இல்லையா?"

இருக்கிறது, அதில் பழைய வழி ஒன்று நம் மலையிலேயே இருக்கிறது. ஆழியாறுக்கு மேலே கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று 1980-களின் கடைசியிலிருந்து ஓடுகிறது. கரண்ட் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைப்பார்கள். தேவை கூடும்போது அதே தண்ணீரைக் கீழே இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தைந்து, எண்பது யூனிட் திரும்பக் கிடைக்கும். நீலகிரியில் குந்தாவில் இன்னொன்று, 500 மெகாவாட்டுக்குக் கட்டுகிறார்கள். இதோடு பெரிய பெரிய பேட்டரிகளும் இப்போது வரத் தொடங்கியுள்ளன.

வீட்டில் நம்மால் முடிந்தது, பகலில் செய்யக்கூடியதைப் பகலுக்கு மாற்றுவது. மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன்பாக்ஸ், வண்டி சார்ஜ் எல்லாம் வெயில் இருக்கும்போது. காசே செலவில்லாத சேமிப்பு இதுதான்.

"மேல்தொட்டித் தண்ணி கீழ வரும்போது டர்பைன் வச்சு கரண்ட் எடுத்தா, அதுலயே மோட்டார் ஓட்டி மறுபடி ஏத்திக்கலாம்ல? வீடியோவுல காட்டுறான்."

கடம்பாறையின் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 1,000 லிட்டர் தண்ணீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால்தான், எந்த நஷ்டமும் இல்லாவிட்டால், 1 யூனிட். உங்கள் தொட்டி 10 மீட்டர் உயரம். அப்படியானால் 1,000 லிட்டருக்கு 1 யூனிட்டில் 37-இல் ஒரு பங்கு. ஒரு பல்பு கொஞ்ச நேரம் எரியும். அதே தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் அதைப் போல இரண்டு மடங்காவது இழுத்திருக்கும்.

ஆல்டர்னேட்டரை மோட்டாரோடு பெல்ட் போட்டுத் தானாக ஓடவைப்பதாகக் காட்டும் எந்த வீடியோவும் பொய். மறைவில் ஒரு வயரோ பேட்டரியோ இருக்கும். இதை நம்பிப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து கட்டாதீர்கள்.

"ரெண்டு மாடு இருக்கு. சாண எரிவாயு போட்டா சிலிண்டர் வாங்க வேண்டாமா?"

இரண்டு மாட்டுக்குச் சிலிண்டர் குறையும், முழுக்க நிற்காது. கணக்கு இப்படி: 25 கிலோ சாணத்துக்கு ஏறத்தாழ 1 கன மீட்டர் வாயு. நாலைந்து மாடு கட்டியிருந்தால் நாளைக்கு 50 கிலோ சாணம், 2 கன மீட்டர் வாயு. அது முக்கால் கிலோவுக்கு மேல் சமையல் காஸுக்குச் சமம். வாயு உண்டாகும் கலனுக்கு ஒழுங்காகத் தீனி போட்டால் மாதம் ஒன்றரை சிலிண்டருக்குக் குறையாது, நடுத்தரக் குடும்பத்துக்கு அது போதும். வீட்டுக் காய்கறிக் கழிவு, சோறு, நறுக்கிய வாழைத்தண்டு எல்லாம் போடலாம். நம் பள்ளத்தாக்கில் குலை வெட்டிய பின் தோட்டத்தில் கிடந்து அழுகும் வாழை மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான். எலுமிச்சைத் தோல், ஊறுகாய், சோப்புத் தண்ணீர் மட்டும் உள்ளே போகக் கூடாது.

இது பாதியில் நின்றுபோன வீடுகள் நிறைய. காரணம் பெரும்பாலும் கலன் இல்லை, ஆள். தினமும் சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து ஊற்ற வேண்டும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வாயு படுத்துவிடும். வீட்டில் அந்த வேலை யார் தலையில் விழும் என்று முதலில் பேசி முடிவெடுங்கள். எங்கே போனாலும் அது பெண்கள் தலையில்தான் விழுகிறது. குமுளிக் குளிரில் விளைச்சல் குறையும், ஏனென்றால் உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரிச் சூடு பிடிக்கும். வெயில் படும் இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். வெளியே வரும் கரைசல் அருமையான உரம். பலர் வாயுவைவிட அதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. கலனில் கசிவு இருந்தால் உடனே அடையுங்கள். உள்ளே இருப்பது மீத்தேன். அது எரியாமல் வானத்தில் கலந்தால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றும். அப்படிக் கசியவிட்டால் நல்லது செய்யப்போய்க் கெடுதல் செய்ததாகிவிடும்.

"ஏலக்காய் ஸ்டோருக்கு வெறகு கட்டுப்படி ஆகல. சோலார் டிரையர் போட்டா முழுசா விட்டுரலாமா?"

காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகை முழுசா விட முடியாது, கணிசமாகக் குறைக்கலாம். பறித்த காயில் ஈரம் 80 சதவீதம் இருக்கும். அதைப் பத்து சதவீதம் பக்கம் கொண்டுவர வேண்டும். 50 டிகிரி சூடு ராத்திரி பகலாக விடாமல் கிடைத்தால்தான் பச்சை நிறம் நிற்கும். நிறம் வெளுத்தால் போடி, புற்றடியில் ஏலம் விடும்போது விலை விழும். ராத்திரி வெயில் கிடையாது. பறிப்பு தொடங்கும் ஆவணி, புரட்டாசியில் மலையில் பகலிலும் வெயில் உறுதியில்லை. வெறும் சோலாரை நம்பினால் காய் பழுப்பாகிவிடும்.

கலந்து செய்வதுதான் வழி. பகலில் சோலார் காற்றுச் சூடேற்றி முன்பாதி ஈரத்தை எடுக்கட்டும். மிச்சத்துக்கு விறகு, அல்லது தேங்காய்ச் சிரட்டை, காபித் தொலி போன்ற கழிவைக் கட்டியாக்கிய எரிகட்டி. அடுப்பையும் புகைக்குழாயையும் சரியாகக் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சூடு பாதி கூரை வழியாகப் போகும் ஸ்டோர்களைப் பார்த்திருக்கிறேன். விறகு நிலக்கரி இல்லைதான், ஆனால் வெட்டிய மரம் திரும்ப வளர்ந்தால் மட்டுமே அது மாற்று எரிசக்தி. சோலை மரத்தை வெட்டி எரித்தால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தச் சோலைதான் உங்கள் ஏலச் செடிக்கு நிழலும் ஈரமும் தருகிறது.

"தோட்டத்துக்குத்தான் இலவச கரண்ட் இருக்கே. நான் எதுக்கு சோலார் பம்பு போடணும்?"

உங்களிடம் நல்ல சர்வீஸ் இருந்து கரண்ட் ஒழுங்காக வந்தால் அவசரம் இல்லை. இலவசம் என்பது உங்களுக்கு. எங்கோ நிலக்கரி எரிந்துதான் அது வருகிறது, பணத்தை அரசு கட்டுகிறது. சர்வீஸுக்குக் காத்திருப்பவர்கள், டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள், லைன் வராத மலையடிவாரத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சோலார் பம்பு சரியான தேர்வு. 2019-இல் வந்த பிஎம் குசும் திட்டத்தில் ஒன்றிய அரசு 30, மாநில அரசு 30 என்று 60 சதவீதம் மானியம் கிடைக்கிறது. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. டீசல் என்றால் செலவு பார்த்து நிறுத்துவோம். சோலார் பம்புக்கு அந்தத் தடை இல்லை. வெயில் இருக்கும்வரை இறைத்துக்கொண்டே இருக்கும். போர்வெல் ஆயிரம் அடிக்குப் போய்விட்ட ஊர்களில் இது நிலத்தடி நீரைச் சீக்கிரம் காலி செய்யும். பம்பு போடுபவர்கள் சொட்டுநீரும் சேர்த்தே போட வேண்டும். பாசனம் இல்லாத நாளில் அந்தக் கரண்டை லைனுக்குக் கொடுத்துக் காசாக்கும் வழி பரவினால், தண்ணீரை இறைக்காமல் இருப்பதே வருமானம் ஆகும். அப்படி வர வேண்டும் என்பது என் ஆசை.

"பெட்ரோல்ல எத்தனால் கலந்த பெறகு மைலேஜ் விழுந்துருச்சு. இது மாற்று எரிபொருளா, கலப்படமா?"

கலப்படம் இல்லை, அரசே சொல்லிக் கலப்பது. 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் உள்ள சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறைவது உண்மை. எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வருகிறது. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் போட்டியாக வரும் எரிபொருளை நான் பெரிய தீர்வாக எண்ணவில்லை. வைக்கோல், சக்கை போன்ற கழிவிலிருந்து எடுப்பது கூடினால் நல்லது.

"கரண்ட் வண்டி வாங்குனாலும் அந்தக் கரண்ட் நிலக்கரிதானே? புகை இங்க போகாம எண்ணூர்ல போகுது, அவ்வளவுதானே வித்தியாசம்?"

நல்ல கேள்வி, கணக்குப் போட்டால் பதில் தெரியும். 100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் 2 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 4.6 கிலோ கரியமில வாயு. கரண்ட் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட். நம் நாட்டு லைனில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ. ஆக இரண்டரை கிலோ பக்கம். நிலக்கரி இவ்வளவு இருக்கும் இன்றைக்கே கிட்டத்தட்டப் பாதி. பெட்ரோல் எஞ்சின் குடிப்பதில் முக்கால் பங்கைச் சூடாக வீணாக்குகிறது, மோட்டார் அப்படிச் செய்வதில்லை என்பதுதான் காரணம். குமுளி இறக்கத்தில் பிரேக் போடும் சக்தியில் கொஞ்சம் பேட்டரிக்கே திரும்பும். வீட்டில் சோலார் இருந்து பகலில் சார்ஜ் போட்டால் இன்னும் குறையும்.

தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் மலையேறும் தோட்ட ஜீப்புகளுக்கு இன்னும் சரியான மாற்று வரவில்லை. அவ்வளவு ஏற்றத்தில் அவ்வளவு பாரம் இழுக்கும் மின்வண்டி கட்டுப்படியாகும் விலையில் வர வேண்டும்.

"பேனல் செய்ய ஆகுற கரண்டை அது ஆயுசுக்கும் திருப்பித் தராதுங்கிறாங்களே? பழசானா அந்தக் குப்பை?"

முதல் பாதி தவறு. செய்வதற்கு ஆன சக்தியை நம் வெயிலில் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் திருப்பித் தந்துவிடும். உழைப்பதோ 25 வருஷம். வருஷத்துக்கு அரை சதவீதம் பக்கம் திறன் குறையும். இன்வெர்ட்டரைத்தான் பத்து வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாம் பாதி நியாயமான கவலை. கண்ணாடியும் அலுமினியமும் திரும்ப எடுக்கக்கூடியவை, ஆனால் சாலிடரில் ஈயம் இருக்கிறது. 2022-இல் வந்த மின்கழிவு விதிகளில் சோலார் பேனலையும் சேர்த்துவிட்டார்கள். தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு. குரங்கு கல்லைப் போட்டு உடைத்த பேனலாக இருந்தாலும் ஓடையில் வீசாதீர்கள். வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

"நாட்டுல பாதி கரண்ட் இப்ப மாற்று எரிசக்தின்னு டிவில சொன்னாங்க. அப்ப வேலை பாதி முடிஞ்சதா?"

அது நிறுவிய திறன், அதாவது எல்லா நிலையமும் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவு. 2025 ஜூனில் நாட்டின் மொத்த மின் திறனில் பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாததாக ஆனது உண்மை; அதில் பெரிய அணைகளும் அணுமின்சாரமும் சேர்த்தி. ஆனால் 1 கிலோவாட் பேனல் நாளைக்கு 4 யூனிட் என்று பார்த்தோம். 1 கிலோவாட் நிலக்கரி நிலையம் விடாமல் ஓடினால் 24 யூனிட் தரும். ஆகவே உண்மையில் விளையும் யூனிட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்னும் நிலக்கரிதான். சோலாருக்கு நிலமும் நிறைய வேண்டும்: கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சோலார் பண்ணைக்கு 2,500 ஏக்கர் ஆனது. இன்னும் நிறைய தூரம் இருக்கிறது, மெகாவாட் செய்தியைப் படிக்கும்போது யூனிட் எவ்வளவு என்றும் கேட்டுப் பழகுங்கள்.

"கூடங்குளம் எந்தக் கணக்குல வரும்?"

புகை இல்லாதது, புதுப்பிக்க முடியாதது. 1,000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு ஓடுகின்றன. ராத்திரி பகல் ஒரே சீராகத் தரும், கழிவைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்க வேண்டும். அந்தக் கரையோர மக்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"எனக்குக் குமுளில வீடு, கூடலூர்ல தென்னந்தோட்டம். தோட்டத்துல வெயில் கொட்டுது, வீட்ல நிழல். தோட்டத்துல பேனல் போட்டு குமுளி பில்லுல கழிச்சுக்கலாமா?"

முடியாது. நடுவில் சில கிலோமீட்டர்தான் என்றாலும் தோட்டம் தமிழ்நாட்டு மின்வாரியத்தில், வீடு கேரள மின்வாரியத்தில். நெட் மீட்டர் கணக்கு ஒரே வாரியத்தின் சர்வீஸுக்குள்தான் நடக்கும். தோட்டத்தில் விளைவதைத் தோட்டத்திலேயே செலவழிக்கப் பாருங்கள்: பம்பு, தேங்காய் உலர்த்துவது, காவல் விளக்கு. குமுளி வீட்டு மாடியில் காலை ஒன்பது முதல் மூன்று மணி வரை நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் கூடவே நின்று பாருங்கள். மழைக்கு முன் கிளையை மட்டும் கழித்தால் போதுமா என்று தெரியும். மரத்தையே வெட்டத் தேவை வந்தால் பேனலை விட்டுவிட்டு, முன்னே சொன்ன சோலார் ஹீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு ரொம்ப இடம் வேண்டாம்.